சிறிய காரும் காப்புறுதிக் கட்டணமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



கார் வாங்கியவர் காப்புறுதி எடுக்க முகவரிடம் போனால், நெடுங்காலமாக அவர் முதலில் கேட்டு வந்தவை இரண்டே கேள்விகள். வண்டியின் மதிப்பு என்ன? எந்திரம் எத்தனை சி.சி.? ஓட்டப்போகிறவர் நிதானமான மனிதரா, பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா, நாள்தோறும் எத்தனை மைல் ஓடும் என்பனவெல்லாம் அவருடைய அட்டவணையில் இடம்பெறவில்லை. விபத்தை உண்டாக்குவது மனிதன். அப்படியிருக்க, கட்டணத்தை மட்டும் எந்திரத்தின் அளவைப் பார்த்து ஏன் போட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் நூறாண்டுக்கு முந்திய இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இன்றைய உரையில் அந்தக் கதையைச் சொல்லி, அது நம் வீட்டுச் செலவைத் தொடுகிற இடத்தையும் கணக்குப் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் அன்னாசிக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை செய்கிற குடும்பங்களுக்குக் கார் என்பது ஒரு காலத்தில் துரை வீட்டுப் பொருள். கிராணி மோட்டார் சைக்கிளில் போவார். மற்றவர்கள் சைக்கிளிலோ கால்நடையாகவோ போவார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. பிள்ளைகள் ஸ்கூடாய்ப் பக்கமும் ஜொகூர் பாருப் பக்கமும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். இரவு முறை முடிந்து திரும்பப் பேருந்து கிடைப்பதில்லை. ஆகவே வீட்டுக்கு ஒரு சிறிய கார் தேவைப்படுகிறது. வாங்கும்போது 1.3 வாங்குவதா, 1.5 வாங்குவதா என்ற பேச்சும் கூடவே வருகிறது. பெரிய எந்திரம் வாங்கினால் இன்சூரன்ஸ் தலைக்கு மேல் போய்விடும் என்று ஒருவர் சொல்லுவார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று இன்னொருவர் சொல்லுவார். இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் வரலாறு.

மோட்டார் கார் புதிதாக வந்த காலத்தில், அரசாங்கத்துக்கு அதன்மீது வரி போட ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. 1910 வாக்கில் இங்கிலாந்தில் அரச மோட்டார் கழகத்தார் வகுத்த ஒரு வாய்பாடு அதற்குப் பயன்பட்டது. சிலிண்டரின் விட்டத்தை அங்குலக் கணக்கில் அளக்க வேண்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, கடைசியில் இரண்டரையால் வகுத்தால் வருவது குதிரைச் சக்தி. 1921 முதல் குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் என்று வரி போட்டார்கள். காப்புறுதி நிறுவனங்களும் அதே எண்ணை எடுத்துக்கொண்டன. அரசாங்கமே அளந்து, பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்த எண் கையில் இருக்கும்போது, வேறொன்றைத் தேடுவானேன்? பெரிய எந்திரம் உள்ள கார் விலை கூடியது, வேகமாகப் போவது, மோதினால் அதிகச் சேதம் விளைவிப்பது என்று பொதுவாகக் கொண்டார்கள். அந்நாளில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது.

இந்த வாய்பாட்டில் வேடிக்கையான குறை ஒன்று உண்டு. சிலிண்டரின் விட்டம் மட்டுமே கணக்கில் வருகிறது. பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்குகிற தூரம் வரவில்லை. கார் செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? விட்டத்தைக் குறுக்கினார்கள், தூரத்தை நீட்டினார்கள். வரிக் கணக்கில் எந்திரம் சிறியது; ஆனால் உள்ளே கொள்ளளவு கூடியது. அமெரிக்காவில் மலிவு விலைக்குப் பேர்போன ஃபோர்டு மாடல் டி கார், இந்த வாய்பாட்டின்படி 22 குதிரைச் சக்திக்கு மேல் வந்தது. அதனால் இங்கிலாந்தில் அதை வைத்திருக்க ஆண்டுதோறும் பெரிய வரி கட்ட வேண்டியிருந்தது. 1922ல் வந்த ஆஸ்டின் செவன் காரோ, ஏழு என்ற குதிரைச் சக்தி எண்ணைத் தன் பெயரிலேயே சுமந்து வந்தது. வரி குறைவு என்பதே அதற்கு விளம்பரம்.

நம் தாத்தாக்கள் மலாயாவில் பார்த்த மோரிஸ் மைனர் காரும் இந்தக் கணக்கின் பிள்ளைதான். போர்க்காலத்தில் அதை வரைந்த பொறியாளர் அலெக் இசிகோனிஸ், அதற்கு இரண்டு எந்திரங்களை நினைத்திருந்தார். உள்நாட்டுக்கு 800 சி.சி.; வரித் தொல்லை இல்லாத வெளிநாடுகளுக்கு 1100 சி.சி. சிறிய கார் ஒன்றுக்கு இரண்டு எந்திரம் என்ற எண்ணம் அப்போதே, வரிக்குப் பயந்து பிறந்துவிட்டது. கடைசியில் செலவை எண்ணி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1948ல் வண்டி வெளிவந்தபோது அதில் இருந்தது பழைய மோரிஸ் எட்டுக் காரின் 918 சி.சி. எந்திரம். சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் போகும் தூரம் 90 மில்லிமீட்டர். நெட்டையான, ஒல்லியான எந்திரம். வாய்பாட்டில் போட்டால் ஏறக்குறைய எட்டுக் குதிரைச் சக்திதான் வரும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 57 மில்லிமீட்டரை அங்குலமாக்குவதில்தான் தடுமாறுவார்கள். வண்டி வெளிவந்த அந்தக் காலத்திலேயே, 1947, 1948ஆம் ஆண்டுகளில், இங்கிலாந்து அந்த வரிமுறையைக் கைவிட்டது. கோட்டையைத் தாண்ட ஏணி செய்து முடித்தபோது கோட்டையே இடிந்துவிட்ட மாதிரி.

குதிரைச் சக்தி வாய்பாடு போன பிறகு அந்த இடத்துக்கு வந்ததுதான் சி.சி. என்னும் கன சென்டிமீட்டர் அளவு. விட்டம், தூரம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதால் இதில் ஏமாற்ற வழி குறைவு. ஆனாலும் கோடு கிழித்த இடத்தில் கோட்டுக்குச் சற்று உள்ளே நிற்கிற புத்தி மனிதனுக்குப் போகவில்லை. இந்தியாவைப் பாருங்கள். 1200 சி.சி.க்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு 2006ல் உற்பத்தித் தீர்வையைக் குறைத்தார்கள். அதன் பின் 1197, 1199 சி.சி. எந்திரங்கள் அங்கே மலிந்துவிட்டன. காப்புறுதியில் அவர்களுடைய கோடு 1000 சி.சி. 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, 1000 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதைத் தாண்டி 1500 வரை 3,416 ரூபாய். வேகன் ஆர் என்ற சிறிய கார் 998, 1197 என்று இரண்டு எந்திரங்களில் வருகிறது. தமிழ்நாட்டில் அதை வாங்குகிற குடும்பத்துக்கு எந்திரத் தேர்வினால் மட்டும் 1,322 ரூபாய் வேறுபடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

பிறருக்கு உண்டாகும் காயத்துக்கும் உயிர்ச் சேதத்துக்கும் காப்புறுதி இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்ற சட்டம் இங்கிலாந்தில் 1930ல் வந்தது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது. மலாயாவில் 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதை வலியுறுத்தியது. அதன் இடத்தில் இப்போது இருப்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். காப்புறுதி இல்லாத வண்டி மோதி அடிபட்ட ஏழைக்கு யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்காக 1968ல் காப்புறுதி நிறுவனங்களும் போக்குவரத்து அமைச்சும் ஓர் உடன்பாடு கண்டன. நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களுமாக நம்மவர்கள் இருந்த அந்நாளில், இந்த ஏற்பாட்டினால் பயன் பெறக்கூடியவர்கள் நாம்தான். கார் வைத்திருக்கிறவன் கட்டுகிற பணம் என்று அதைப் பற்றி எண்ணாமல் இருந்துவிட்டோம்.

கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் வைக்க முடியாது. 1978 முதல் மோட்டார் காப்புறுதிக்கு எல்லாரும் பின்பற்ற வேண்டிய ஒரே அட்டவணை இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரிய மாற்றமில்லாமல் நின்றது. விபத்து வழக்குகளில் கொடுக்கிற இழப்பீடு ஏறிக்கொண்டே போக, வருகிற கட்டணம் அப்படியே நின்றது. அதனால் 2012 சனவரி முதல் படிப்படியாக உயர்த்தினார்கள். 2017 சூலை முதல் நாள் தொட்டு, முழுக் காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே வகுக்கலாம் என்று தளர்த்தினார்கள். வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இன்றும் அட்டவணைப்படியே. ஆனாலும் பழைய அட்டவணை தெரிந்தால்தான் இன்றைய விலை கூடுதலா குறைவா என்று நமக்கு விளங்கும். முகவர்கள்கூட அதைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

அந்த அட்டவணையைச் சொல்கிறேன். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில், சொந்தக் காருக்கு முழுக் காப்புறுதி எடுத்தால், வண்டி மதிப்பின் முதல் ஆயிரம் வெள்ளிக்கு, எந்திரம் 1400 சி.சி. வரை இருந்தால் 273 வெள்ளி 80 காசு. 1401 முதல் 1650 வரை 305 வெள்ளி 50 காசு. 1651 முதல் 2200 வரை 339 வெள்ளி 10 காசு. அதற்குமேல் மதிப்பில் ஏறுகிற ஒவ்வோர் ஆயிரத்துக்கும், எந்திரம் எதுவானாலும் சரி, 26 வெள்ளி.

இந்த 1400 என்ற கோடு நம் நாட்டுச் சிறிய கார்களுக்கு நடுவே சரியாக ஓடுகிறது. 1985 சூலை 9ஆம் நாள் வெளியீடு கண்ட புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்வோம். 1.3 என்று சொல்லப்பட்டது 1298 சி.சி.; 1.5 என்று சொல்லப்பட்டது 1468 சி.சி. ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். 2017ல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியும் அவ்வாறே: 1329, 1496. ஆனால் 1994ல் வந்த கஞ்சிலில் 660 ஆனாலும் 850 ஆனாலும் காப்புறுதியின் அடிப்படைக் கட்டணம் ஒன்றே. இரண்டும் 1400க்குள் அடக்கம். 2005ஆம் ஆண்டின் முதல் மைவியில் 1.0, 1.3 என்ற இரண்டு எந்திரங்களும் அதே படியில்தான் இருந்தன. அங்கே வேறுபாடு சாலை வரியில் மட்டும்: ஆயிரம் சி.சி. வரை 20 வெள்ளி, 1201 முதல் 1400 வரை 70 வெள்ளி. 1401 முதல் 1600 வரை என்றால் 90 வெள்ளி.

இப்போது கணக்கு. முப்பதாயிரம் வெள்ளி மதிப்புள்ள இரண்டு கார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.3 காருக்கு முதல் ஆயிரத்துக்கு 273.80, மீதி இருபத்தொன்பது ஆயிரத்துக்கு 754 வெள்ளி, மொத்தம் 1,027 வெள்ளி 80 காசு. 1.5 காருக்கு 305.50, அதனுடன் அதே 754, மொத்தம் 1,059 வெள்ளி 50 காசு. வேறுபாடு 31 வெள்ளி 70 காசு. ஆண்டுக்கு! இதற்காகவா இத்தனை வாக்குவாதம்?

ஆனால் 1.3 காரின் விலைக்கே 1.5 கிடைப்பதில்லை. ஐயாயிரம் வெள்ளி கூடுதல் என்று வையுங்கள். அந்த ஐந்து ஆயிரங்களுக்கு 130 வெள்ளி. ஆகமொத்தம் 161 வெள்ளி 70 காசு கூடுகிறது. அதில் எந்திரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் விலையின் பங்கு. பெரிய எந்திரத்துக்கு இன்சூரன்ஸ் அதிகம் என்று நாம் சொல்வதில் முக்கால் பாகத்துக்கு மேல், விலை கூடிய வண்டிக்கு இன்சூரன்ஸ் அதிகம் என்பதே. அப்படியானால் ஐந்தாறு ஆண்டு ஓடி விலை இறங்கிய 1.5 கார், புத்தம் புதிய 1.3 காரைவிடக் குறைந்த கட்டணத்தில் வரும். பழைய கார் வாங்குகிற குடும்பம் எந்திர அளவைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பெட்ரோல் செலவு வேறு சங்கதி. அதைப் பற்றி நான் பேச வரவில்லை.

எந்திரத்தைவிட ஊர் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அதே முப்பதாயிரம் வெள்ளி 1.3 காருக்குச் சபா, சரவாக்கில் முதல் ஆயிரத்துக்கு 196.20, ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 20.30 என்று மொத்தம் 784 வெள்ளி 90 காசுதான். நம் பக்கத்தைவிட 242 வெள்ளி 90 காசு குறைவு. எந்திரம் ஒன்று, வண்டி ஒன்று, கடல் மட்டும் நடுவில்.

இவற்றையெல்லாம் விழுங்கிவிடக்கூடிய ஒன்று இருக்கிறது. முகவர்கள் என்.சி.டி. என்பார்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு அது. முதல் ஆண்டு முடிந்தால் நூற்றுக்கு 25, இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 38.33, நான்காம் ஆண்டு 45, ஐந்தாம் ஆண்டு முதல் 55. நாம் பார்த்த 1,027.80 வெள்ளி, 55 விழுக்காடு கழிந்தால் 462 வெள்ளி 51 காசு. 1.5 காருக்கு 476 வெள்ளி 78 காசு. எந்திர வேறுபாடு 14 வெள்ளிச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது.

எங்கள் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தந்தை, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர், ஒரு நாள் மாலை என்னிடம் வந்தார். தாம் வைத்திருந்த சாகாவைப் பின்னுக்கு எடுக்கும்போது மின் கம்பத்தில் இடித்துவிட்டார். பட்டறைக்காரர் 400 வெள்ளி கேட்கிறார். “இன்சூரன்ஸ்தான் இருக்கே சார், வருசா வருசம் கட்டுறோமே, அதுல வாங்கிக்கலாமா?” என்று கேட்டார். அவருக்கு 55 விழுக்காடு கழிவு இருந்தது. கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக, முப்பதாயிரம் வெள்ளிக் கார் என்று வைத்துத் தாளில் எழுதிக் காட்டினேன். இழப்பீடு கோரினால் அடுத்த ஆண்டு கழிவு பூச்சியம். 462 கட்ட வேண்டிய இடத்தில் 1,027. கூடுதல் 565 வெள்ளி. அதோடு போகவில்லை. மறுபடி 25, 30 என்று படியேறி 55க்கு வர ஐந்து ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகக் கட்டுவதைச் சேர்த்தால் ஏறக்குறைய 1,400 வெள்ளி வருகிறது. வண்டியின் மதிப்பு குறையக் குறைய இந்தத் தொகையும் சற்றுக் குறையும். இருந்தாலும் 400 வெள்ளிக்காக அதைக் கொடுப்பதா? அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அப்ப கைக்காசுலயே செஞ்சிடுறேன் சார்” என்று போய்விட்டார். பெரிய சேதமானால் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது தயங்காமல் கோர வேண்டும். அதற்குத்தான் காப்புறுதி.

இன்னொன்று. கட்டணத்தைக் குறைக்க வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொள்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. ஆயிரத்துக்கு 26 வெள்ளி மிச்சம் என்ற கணக்கு. முப்பதாயிரம் பெறும் வண்டியை இருபதாயிரத்துக்கு எழுதினால், கழிவுக்கு முன் 260 வெள்ளி மிச்சம்தான். பிறகு ஆறாயிரம் வெள்ளிக்குச் சேதம் என்று போனால், நிறுவனம் மூன்றில் இரண்டு பங்காகிய நாலாயிரத்தை மட்டுமே கொடுக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு நீங்களே பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். சந்தை மதிப்புக்கும் எழுதிய தொகைக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் இடைவெளி விழுந்தால் இந்த நிபந்தனை வேலை செய்யும். பத்திரத்தின் பின்பக்கத்து எழுத்து பொடியாக இருக்கிறது. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. அங்கே வண்டியின் மதிப்பு கணக்கில் வராது. எந்திரம் மட்டுமே அளவுகோல். 1400 வரை 120 வெள்ளி 60 காசு, 1650 வரை 135 வெள்ளி. வேறுபாடு 14 வெள்ளி 40 காசு. சட்டம் கேட்பதை அது நிறைவேற்றும். நீங்கள் மோதியவருக்குக் கொடுக்கும். உங்கள் காருக்கும், ஓட்டிய உங்களுக்கும் அதில் ஒரு காசும் வராது. மூவாயிரம் நாலாயிரம் பெறும் பழைய கஞ்சிலுக்கு அது போதும் என்பது என் எண்ணம். கடனில் வாங்கிய வண்டிக்குப் போதாது, வங்கியும் ஒப்பாது.

2017க்குப் பிறகு, ஒரே காருக்கு ஒரு நிறுவனம் சொல்லும் கட்டணமும் இன்னொன்று சொல்லும் கட்டணமும் ஒன்றாக இருப்பதில்லை. ஓட்டுநரின் வயது, அவருடைய விபத்து வரலாறு, அந்த வகைக் கார் அடிக்கடி களவு போகிறதா என்பவையெல்லாம் பார்க்கப்படுகின்றன. இருபது வயது மகன் பெயரில் பதிந்தால் ஒரு விலை, ஐம்பது வயது தந்தை பெயரில் பதிந்தால் வேறு விலை வரலாம். உண்மையில் ஓட்டுகிறவர் யார் என்பதை மறைத்துப் பதிவதோ ஆபத்து. மூன்று இடங்களிலாவது விலை கேட்டு, காப்புத் தொகை ஒன்றே என்று உறுதிசெய்துகொண்டு ஒப்பிட வேண்டும். தொகை வேறாக இருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. முத்திரைத் தீர்வை 10 வெள்ளியும் சேவை வரியும் எங்கும் ஒன்றே.

இப்போது மின்கார்கள் நம் சாலைக்கு வந்துவிட்டன. அவற்றில் சிலிண்டரும் இல்லை, பிஸ்டனும் இல்லை, சி.சி. என்று அளப்பதற்கு எதுவுமே இல்லை. 2025 முடியும் வரை அவற்றுக்குச் சாலை வரி விலக்கு இருந்தது. அதன் பிறகு மோட்டாரின் திறனைக் கிலோவாட்டில் அளந்து வரி போடுகிறார்கள். நூறாண்டுக்கு முன் குதிரைச் சக்தி என்று தொடங்கிய அளவுகோல், சி.சி.யாக மாறி, மறுபடியும் சக்திக்கே திரும்பியிருக்கிறது. கிலோவாட்டுக்கும் படிகள் வைத்திருக்கிறார்கள். அந்தப் படிக்குச் சற்று உட்பட்ட மோட்டார்கள் இனிமேல் எத்தனை வரப்போகின்றனவோ.